வார் மறைத்த இடம்

வியாகுலம் கிதாரைக் குப்புறக் கிடத்திவிட்டு
கைபேசியில் பழைய படத்தைத் தேடினார்.
அதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

பதினாலு மாதத்துக்கு முன்
இதே செக்காலை ரோட்டுக் கொட்டகையில்
ஆப்பிரிக்கப் படாக் பலகையை ரம்பம் பிளந்தபோது
உள்ளே இருந்தது
எண்ணெய்க்குப் போகக் காத்திருக்கும்
மசாலா தடவிய மீனின் நிறம்.
அதன் தூள் போகாத இடமில்லை.
காப்பி டம்ளர், மூக்குத்துளை, கணக்கு நோட்டு,
முன்பலகைக்கு வைத்திருந்த வெளுத்த ஸ்ப்ரூஸ் மேல்
என் கட்டைவிரல் ரேகை.
அதைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் ஆயிற்று.
குளித்தால் தண்ணீர் சிவந்து ஓடும்;
பக்கத்து வீட்டு லீமா எட்டிப் பார்த்து
"இன்னிக்கு யாரை வெட்டுனே?" என்பாள்.

"இதத்தானே குடுத்திய?" என்று படத்தை நீட்டினார்.
திரையில் கனல். மேசையில் புளி.
கொட்டை எடுத்து, உப்புப் போட்டு,
ஒரு மழைக்காலம் ஜாடிக்குள் கிடந்த புளி.

"கறுக்கும்னு சொன்னேனே அண்ணே" என்றேன்.
சொன்னேனா?
முன்பணம் எண்ணுகிற நேரத்தில்
சில வார்த்தைகள் நாக்குக்கு அடியில் ஒதுங்கிக்கொள்ளும்.
சொல்லித்தான் இருப்பேன். மெதுவாக.

அவர் வந்தது அதற்கில்லை.
கிதாரின் முதுகில், தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே,
நாலு விரல் அகலத்தில்
ஓர் ஆரஞ்சுப் பட்டை.
ஓரம் கத்தியால் கீறியதுபோல் நேர்.

"ரெண்டு மரத்த ஒட்டி எந் தலையில கட்டிட்டிய.
பள்ளத்தூர் ஆசாரியே பாத்துட்டுச் சொன்னாரு."

எங்கே மாட்டியிருந்தீர்கள் என்று கேட்டேன்.
அவர் காவல் பார்க்கும் பெரிய வீட்டில்,
இரண்டாம் கட்டில், மேற்கு ஜன்னலுக்கு எதிரே.
வீட்டுக்காரர்கள் பினாங்கில்.
ஜன்னல் வளைவில் பச்சைக் கண்ணாடி, நீலக் கண்ணாடி,
உடைந்துபோன ஒன்றுக்கு மட்டும்
ஹார்டுவேர் கடைக் கண்ணாடி, நிறமில்லாதது.
அதன் வழியாக மூன்று மணி வெயில் நேராக விழும்.
துளைக்குள் தூசி போகுமென்று
முகத்தைச் சுவருக்குத் திருப்பி
முதுகை வெயிலுக்குக் கொடுத்திருக்கிறார்.
தோள்வார் குறுக்கே தொங்கியிருக்கிறது.

ஜன்னலோரப் பலகைத் துண்டிலிருந்து
ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை நகர்த்திக் காட்டினேன்.
அதே மரம். தை மாதம் வைத்தது.
பழுப்புக்கு நடுவே ஆரஞ்சு வட்டம்,
இப்போதுதான் அறுத்ததுபோல்.

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.
சிரிக்கக்கூடச் செய்தார்.
நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"வாரத்துக்கு ஒருக்கா எடுத்து மாட்டுனா
வார் கொஞ்சம் தள்ளித்தாண்ணே விழும்.
ஓரம் கலங்கிப் போயிருக்கும்."

மரத்தூள் வாசத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

சைக்கிளிலிருந்து விழுந்து அவருக்கு மணிக்கட்டு முறிந்தது
கிதார் வாங்கிய ரெண்டாம் மாதம்.
கட்டுப் பிரித்து எவ்வளவோ நாளாகிறது.
பூசைக்குப் பழகிக்கொண்டிருப்பதாக
பங்குச் சாமியாரிடம் சொல்லிவருவதை
லீமா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.
அவர் இடக்கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனார்.
எதற்கு? கட்டு இருந்த இடத்துத் தோல்
வெயிலோடு எப்போதோ சேர்ந்துவிட்டது.
அங்கே கோடு எதுவும் இல்லை.

"இழைச்சு மணல்தாள் போட்டா
முழுசும் பழைய நிறம் வரும்" என்றேன்.
"ஒரு வருசம் நிக்கும்."

"வேணாம். இந்தப் பட்டை மறைய எவ்வளவு நாளாகும்?"

"வெளிய எடுத்து வாசிச்சா ஒரு வருசம்.
வாசிக்காம, வார் இல்லாம மாட்டி வச்சாலும் ஒரு வருசந்தான்.
மரத்துக்கு வித்தியாசம் தெரியாதுண்ணே."

கிதாரை நிமிர்த்தினார்.
மூன்றாவது கம்பி இறங்கியிருந்தது.
திருகினார், தட்டினார், இன்னும் கொஞ்சம் திருகினார்.
சரியாக வருமுன்பே
பள்ளத்தூர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட்டார்.

வார் என் மேசையில் கிடக்கிறது.
மறந்தாரா, விட்டுப்போனாரா தெரியவில்லை.
தேக்கு மேசை.
சாயங்கால வெயில் அதுவரை வரும்.
வியாழக்கிழமைவரை
நகர்த்தாமல் விடலாமென்று இருக்கிறேன்.